முதல் தண்ணீர் கிராமசபை

என் பஸ் யாருக்கும் நிற்காது. பூனாவில் எங்கள் போபோடிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரியும். காலை ஆறு பத்துக்கு ரஞ்சன்காவ் ஷிஃப்டுக்குப் புறப்பட வேண்டும் என்றால் ஆறு பத்துக்குச் சக்கரம் உருளும். ஒரு நாள் சூப்பர்வைசர் ஒருத்தர் ஆறு பதினொன்றுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பின்பக்கத் தகரத்தைத் தட்டினார். கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே "எடுங்க" என்று சொல்லிவிட்டேன். பஸ் என் பேரில் இருக்கிறது. ஓட்டுவது என் வீட்டுக்காரர் சேவியர். ஏறினவர்களைத் தலை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. ஜான்சி அக்கா பஸ் என்றால் கடிகாரத்தையே அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பால்காரர் சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ரஞ்சன்காவில் ஆட்களை இறக்கிவிட்டு இரவு ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றும்வரை முக்கால் மணி நேரம் பஸ் சும்மா நிற்கும். எதிரே ஒரு செங்கல் சூளை. தாராபாய் ஹிலம் எனக்குப் பழக்கமானது அங்கேதான். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. காத்கரி பழங்குடி. சொந்த இடம் முள்ஷி அணைக்கு மேலே மலையடியில் இருக்கும் கரஞ்சவாடி என்ற குக்கிராமம். முப்பத்தோரு வீடு. தீபாவளி முடிந்ததும் வாடியில் முக்கால்வாசிக்கு மேல் வீட்டைச் சாத்திவிட்டுச் சூளைகளுக்கு மண் குழைக்கப் போய்விடுவார்கள்; அவர்களில் பாதிப் பேர் இந்தச் சூளைக்கு. மழைக்குத்தான் திரும்பிப் போவார்கள். அவளோடு எனக்கு மராத்தியில்தான் பேச்சு. அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

மே மாதம் ஒரு நாள் காலையில் அவள் மண் காயாத கையோடு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன் பஸ் என்ன செய்யும்?"

"தூங்கும்."

"எழுப்பிக் குடு."

காகிதம் கிராமசபை அறிவிப்பு. கரஞ்சவாடிக்காரர்கள் மூன்று வருஷமாக ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். வாடியை ஒட்டின காடும் அதில் ஓடுகிற ஓடையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் புழங்கிக் காத்து வருவது, அதை வாடியின் பொது உரிமையாக வன உரிமைச் சட்டப்படி எழுதிக் கொடுங்கள் என்று மனு. அது மேலே போக வேண்டுமானால் கிராமசபை கூடித் தீர்மானம் போட வேண்டும். சபை செல்லுபடியாக வேண்டுமானால் வாடியில் வாக்குள்ளவர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும். மொத்தம் தொண்ணூற்றிரண்டு பேர். பாதி நாற்பத்தாறு. ஜனவரியில் ஒரு தடவை சபை கூட்டினார்கள், மார்ச்சில் ஒரு தடவை. இரண்டு தடவையும் வாடியில் இருந்தது வயதானவர்களும் பிள்ளை பெற்றவர்களுமாக ஒன்பது பேர். 'ஆள் சேரவில்லை. ஓடையைப் பயன்படுத்துவதற்கு ஆதாரமும் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். மூன்றாவது தடவைதான் இந்த ஞாயிறு.

"இந்த வாட்டியும் சேரலேன்னா கோப்பைக் கட்டிப் பரண்ல போட்டுடுவேன்னு கிராமசேவக் சொல்லிட்டார்" என்றாள் தாராபாய். கிராமசேவக் என்றால் பஞ்சாயத்துச் செயலர். "ஓடையோட மேல் மடுவைச் சுத்தி யாரோ வந்து சிவப்புப் பெயின்ட் அடிச்ச முளைக்குச்சி நட்டிருக்காங்க. கூடாரம் போட்டு, படகு விட்டு, பட்டணத்து ஆளுங்களைத் தங்க வைக்கப் போறாங்களாம். எங்க பேருக்கு எழுத்து வந்தா எங்களைக் கேக்கணும். வரலேன்னா யாரைக் கேப்பாங்க?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஜூலையில் சபையை வைத்தால் ஒரு ஆள் விடாமல் ஊரில் இருப்பார்கள். சூளை எரிகிற மாதமாகப் பார்த்து வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று எழுதுகிறார்கள். நேரத்துக்கு வராதவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் வர முடியாத நேரமாகப் பார்த்து வைத்துவிட்டு வரவில்லை என்று குற்றம் சொல்கிறவனை அதைவிடப் பிடிக்காது.

"அஞ்சரைக்கு நிப்பேன்" என்றேன். "அஞ்சு முப்பத்தொண்ணுக்கு எடுத்துடுவேன்."

டீசலைப் பற்றி அவள் வாயெடுத்தாள். "போ, போய் மண்ணக் குழை" என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை அவர்கள் ஐந்து மணிக்கே சாலையோரம் நின்றிருந்தார்கள். தலைசீவி, சுத்தமான சேலை கட்டி, ஆண்கள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. நாற்பத்தோரு பேர் என்று தாராபாய் சொல்லியிருந்தாள். சூளை முதலாளி தீயைப் பார்த்துக்கொள்ள நான்கு பேரை விடமாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்கள் இரவு எட்டுக்குள் சூளையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பு வேறு. ஏறியது முப்பத்தேழு. ஊரில் இருப்பது ஒன்பது. கூட்டினால் நாற்பத்தாறு. இரண்டு தடவை எண்ணினேன். ஒரு தலை குறைந்தால் போச்சு.

வாகோலி, பூனா, சாந்தினி சௌக் எல்லாம் தாண்டும்வரை பஸ்ஸில் ஒரே கலகலப்பு. பௌட் தாண்டினதும் மழை பிடித்தது. இந்த வருஷம் மே மாதத்திலேயே அப்படி ஒரு மழை. வைப்பர் ஓடியும் சேவியருக்கு ரோடு தெரியவில்லை; அங்கங்கே ஓரங்கட்டி நின்று நின்று போனதில் பத்து மணி தாண்டிவிட்டது. போகப் போகப் பஸ்ஸுக்குள் பேச்சு குறைந்தது. எல்லோரும் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். களைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சாலையோர வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வாடிக்கு அரை மைல் இருக்கும்போது ஓடைமேல் ஒரு சின்னப் பாலம் வந்தது. கீழே செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. யாரோ தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். ஷிஃப்ட் பஸ் ஓட்டி ஓட்டிப் பழகிய சேவியர், தட்டின சத்தத்துக்குப் பிரேக்கை மிதித்துவிட்டார். கதவு திறந்தது. 'எங்கே, என்ன' என்று நான் எழுந்து கேட்பதற்குள் முப்பத்தாறு பேர் இறங்கிச் சரிவில் ஓடிவிட்டார்கள். போகிற போக்கில் என் வாளியைக் காணோம். பஸ் கழுவுகிற தொட்டியைக் காணோம். போன தீபாவளிக்குத் தைத்துப் போட்ட ஊதா நிறத் திரைகளில் மூன்றைக் கம்பியோடு உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.

மிச்சம் தாராபாய் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது? சபை பதினோரு மணிக்கு! மீன் பிடிக்கவா நூறு கிலோமீட்டர் கூட்டிட்டு வந்தேன்?"

"முதல் தண்ணி இறங்கிருச்சு அக்கா" என்றாள். "அணையிலேருந்து மீன் முட்டை போட ஓடையில ஏறும். வருஷத்துல ஒரே நாள். சாயங்காலம் பாத்தா இருக்காது. இந்த நாளைக்கு யாரையும் யாரும் கூப்பிடவும் முடியாது, தடுக்கவும் முடியாது."

"மூணு வருஷம் அலைஞ்சியே?"

"அதான் நான் இன்னும் இறங்காம நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவளும் இறங்கி ஓடினாள், கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று. சரி, என் டிரைவராவது இருக்கிறாரா என்று திரும்பினேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பேன்ட்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ ஜான்சி, சும்மா பாத்துட்டு வாரேன்."

"நீங்க பாத்த லட்சணம் எனக்குத் தெரியும்!"

"இப்பிடி ஏறுத மீன நான் பாத்ததே இல்லட்டி" என்று கெஞ்சினார். அதற்குள் ஒரு கால் வெளியே.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உதவி செய்ய வந்தேன் பார் என்று என்னையே திட்டிக்கொண்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

கிராமசேவக் நிகடே அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். ஒல்லியாக, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே பேசுகிற மனிதர். பள்ளிக்கூட அறையில் வாடியின் ஒன்பது பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் எண்ணிப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மறுபடியும் ஒம்பது" என்றார். "பதினொன்றரைவரை பாப்பேன். ரெண்டு மணிக்கு எனக்கு இன்னொரு கிராமத்துல மீட்டிங்."

"ஆளுங்க வந்தாச்சு, பாவுசாகேப். ஓடைக்கிட்ட இருக்காங்க."

"ஓடையில இருந்தா எனக்கு என்ன? ரெஜிஸ்டர் இங்க இருக்கு."

வேறு நாளாக இருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வயிற்றுக்கு என்ன என்று கேட்டேன். அமிலம், காலையிலிருந்து எரிகிறது என்றார். டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம், கொஞ்சம் மாதுளை உதிர்த்துப் போட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார். சாதத்தை அவர் முடித்தபோது பதினொன்று இருபத்தெட்டு. பேனாவை எடுத்தார்.

அப்போது தாராபாய் வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலில் சேறு. மூச்சு வாங்கியது.

"பாவுசாகேப்" என்றாள், "நாங்க ஓடையைப் புழங்கறதுக்கு ஆதாரம் எங்கேன்னு ரெண்டு வாட்டி எழுதுனீங்க. ஆதாரம் இப்ப ஓடிட்டிருக்கு. அது பள்ளிக்கூடத்துக்கு வராது. நீங்கதான் வரணும்."

அவர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. வெளியே மழையைப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். வெறும் தயிர்சாதத்தால் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலி வயிற்றோடு அவர் எழுந்திருக்கமாட்டார். சுவரோரம் இருந்த ஒன்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

ஓடைக்கரையில் நான் எதிர்பார்த்தது கூச்சலும் பிடுங்கலும். அப்படி ஒன்றும் இல்லை. ஓடையின் இந்தப் பாதியில்தான் எல்லோரும் நின்றார்கள். நடுவில் கல்லை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கப் பாதியில் ஒரு கால்கூட இல்லை. அங்கே கெண்டையும் கெளுத்தியுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பாறையைத் தாண்டித் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தன. இந்தப் பாதியில் மூங்கில் கூடுகளையும் சேலைகளையும் என் ஊதாத் திரைகளையும் விரித்துப் பிடித்தார்கள். வயிறு பெருத்த சினைமீன் அகப்பட்டால் அந்தப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். சேவியரும் போட்டார். என்னைக் கண்டதும் ஒரு சினைக்கெண்டையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிவிட்டு விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிடித்த மீனெல்லாம் ஒரே தார்ப்பாயில் விழுந்தது. தாராபாயின் நாத்தனார் அதைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஒரு கூறு, தேக்கிலையில். சூளையில் தீக்குக் காவல் நிற்கிற நான்கு பேர் வீட்டுக்கும் உண்டு. நிகடே குனிந்து கூறுகளை எண்ணினார். முப்பத்தொன்று. ரெஜிஸ்டரில் இருக்கிற வீட்டு எண்ணிக்கை.

"ஒவ்வொரு வீடா கூப்பிடு" என்றார் தாராபாயிடம். "கூறை எடுக்க வர்றவங்க கையெழுத்துப் போட்டுட்டு எடுக்கட்டும்."

இரண்டு பேர் ஊதாத் திரையை நான்கு மூலையிலும் தூக்கிப் பிடித்தார்கள். அதன் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் தீர்மானத்தை உரக்கப் படித்தார். கைகள் உயர்ந்தன. வீடு வீடாக வந்து கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ரெஜிஸ்டரில் செதில் ஒட்டியது. நான் பக்கத்தில் நின்று பழக்கதோஷத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு. அதற்குமேல் ஆள் வரவில்லை. ஒரு கூறு எடுக்காமல் கிடந்தது.

"நாம்யா வீடு" என்றாள் தாராபாய். "நாம்யாவும் அவன் பொண்டாட்டி சேவந்தியும் மேல் மடுவுல இருக்காங்க. ஏறுற மீனெல்லாம் அங்கதான் முட்டை போடும். முதல் தண்ணி அன்னிக்கு இருட்டுற வரைக்கும் அங்க யாரும் கை நனைக்கக் கூடாது. காவல் வருஷத்துக்கு ஒரு வீடு. இந்த வருஷம் அவங்க முறை."

"பத்து நிமிஷம் இறங்கி வந்து கைநாட்டு வெச்சிட்டுப் போகட்டும்" என்றேன் நான். "ஓடிப் போய்க் கூட்டிட்டு வரவா?"

தாராபாய் எடுக்காமல் கிடந்த கூறைப் பார்த்தாள். அந்த இரண்டு கைநாட்டுக்காக அவள் மூன்று வருஷம் எத்தனை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் உதடு கோணியது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"பத்து நிமிஷம் ஆளில்லாம விட்ட மடுவை எங்களுதுன்னு எழுதி வாங்கி என்ன பண்றது, அக்கா?" என்றாள்.

நிகடே மேலே சரிவைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

வழுக்குகிற பாறை. அவர் ஒரு கையை சேவியர் பிடித்தார், ஒரு கையை நான். தாராபாய் ஊதாத் திரை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனாள். என் முட்டி கதறியது, நானும் கதறிக்கொண்டேதான் ஏறினேன். மேலே போனதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

சுற்றிலும் நாவலும் கருங்காலியும். நடுவே அகலமான மடு. தண்ணீர் மேற்பரப்பு முழுக்க அசைந்துகொண்டிருந்தது, அத்தனை மீன். கரையில் சிவப்புப் பெயின்ட் அடித்த முளைகள் நான்கைந்து. அவற்றில் ஒன்றின் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாம்யா உட்கார்ந்திருந்தான். எதிர்க்கரையில் சேவந்தி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும் இரண்டு பேருக்கும். எங்களைப் பார்த்ததும் நாம்யா எழுந்து கையை நீட்டித் தடுத்தான். "தண்ணிகிட்ட வராதீங்க, பாவுசாகேப்."

நிகடே இரண்டு அடி பின்னால் போனார். அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி போன வருஷம் யாரு காவல்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"கோபால் ஹிலம் வீடு."

"அதுக்கு முன்னாடி?"

"முகணே வீடு, புளியமரத்துப் பக்கம். அதுக்கு முன்னாடி பெரிய வாக்மாரே. அதுக்கு முன்னாடி தாராக்கா வீடு..." நாம்யா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். அவன் தடுமாறின இடத்தில் எதிர்க்கரையிலிருந்து சேவந்தி எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தோரு வருஷம், முப்பத்தோரு வீடு. ஒரு சுற்று முடிந்ததும், "அதுக்கு முன்னாடியும் இதே வரிசைதான், அப்ப வீடு கம்மி" என்றான்.

சேவியரும் நானும் திரையை விரித்துப் பிடித்தோம். நிகடே அதன் கீழே குந்தி உட்கார்ந்து ஒரு வீடு விடாமல் எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார். எட்டிப் பார்த்துப் படித்தேன்: 'மேல் மடுவில் மீன் பிடிப்பதில்லை. காவல் காக்கிறார்கள். இதை இன்று நேரில் பார்த்தேன்.'

நாம்யா கையெழுத்துப் போட்டான். சேவந்தி கரையைச் சுற்றி வந்தாள்; அவள் வரும்வரை அந்தக் கரைக்கு தாராபாய் போய் நின்றாள். செங்கல் தூக்கித் தூக்கி சேவந்தியின் கட்டைவிரல் தேய்ந்து மழையில் ஊறியிருந்தது. இரண்டு தடவை வெறும் மையாகத்தான் பதிந்தது. என் முந்தானையை உள்பக்கம் உலர்ந்த இடமாகப் பார்த்து எடுத்து, அந்த விரலைத் துடைத்து, ஊதி, மூன்றாம் தடவை வைக்கச் சொன்னேன். ரேகை விழுந்தது.

"நாப்பத்தாறு" என்றேன்.

தாராபாய் எதிர்க்கரையில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மழை என்பதால் அழுகிறாளா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அழுதேன். வேறெதற்கும் இல்லை, சந்தோஷத்தில்.

கோப்பு இனி தாலுகா, ஜில்லா என்று மேலே மேலே போக வேண்டும். அங்கெல்லாம் இன்னும் எத்தனை வாசலோ. ஆனால் அன்றைக்கு அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவரவர் வீட்டைத் திறந்து அடுப்பு மூட்டினார்கள். கூறுகள் முப்பத்தொன்றுதான் என்று எண்ணியிருந்தேன். திரும்பி வந்தபோது முப்பத்திரண்டாவதாக ஒன்று பஸ் படியில் இருந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு" என்றாள் தாராபாயின் நாத்தனார். நிகடே, எனக்கு மீன் ஆகாது என்று சொல்லிக்கொண்டே இரண்டு கெண்டையை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். சேவியர் வீடு வீடாகப் போய் எல்லாக் குழம்பையும் ருசி பார்த்தார். நானும் ஒரு இடத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டால்தான் எட்டு மணிக்குச் சூளை. ஐந்துக்கு இரண்டு நிமிஷம் முன்பே எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என்னைப் பற்றி அவர்களுக்கும் தெரியும். எண்ணினேன். முப்பத்தைந்து. இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

தாராபாய் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "நேரமாச்சு அக்கா, நீ எடுக்கச் சொல்லு. நாம்யாவும் சேவந்தியும் நாளைக்கு எப்படியாவது வண்டி பிடிச்சு வந்துக்குவாங்க. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

சேவியர் சாவியில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் என்னையே பார்த்தார். பின்னால் முப்பத்தைந்து பேரும் பார்த்தார்கள். ஈரத் திரை மூன்றும் மறுபடி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. பஸ் முழுக்க மீன் வாடை. நாளைக் காலையில் சூப்பர்வைசர் மூக்கைப் பிடிப்பார்.

நான் படியில் உட்கார்ந்து முட்டியை நீட்டிக்கொண்டேன்.

"ரெண்டு தல கொறையுது" என்றேன் சேவியரிடம். "எப்பிடி எடுக்கது?"

அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.